சிறுவிறகும் செயின் ரம்பமும்: பாடலாத்ரி மலையடிவாரத்தில் ஓர் ஆய்வு

விறகு, பெருவிறகு சிறுவிறகு என இருவகைப்படும். பெருவிறகாவது, பிளப்பதற்கு ஆள் தேட வைப்பது. சிறுவிறகாவது, “இதுக்கெல்லாம் எதுக்கு ஆளு?” என்று வீட்டுக்காரரே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, மறுநாள் முதுகுக்குத் தைலம் தேட வைப்பது. இவற்றுள் பின்னதே இக்கட்டுரையின் பொருள். ஆய்வின் எல்லை வருமாறு: வடக்கே மறைமலை நகர், தெற்கே பரனூர் டோல்கேட், மேற்கே ஆப்பூர் மலை, கிழக்கே எங்கள் வீட்டுப் பின்கட்டு.

ஆய்வின் தேவை ஒரு செப்பு பாய்லரால் எழுந்தது. கேஸ் அடுப்பில் போட்ட வெந்நீர் உடம்பில் ஒட்டாது என்பது எங்கள் பெரியப்பாவின் கோட்பாடு. பாய்லரின் நடுக்குழாயோ, தேங்காய் ஓட்டைக்கூட யோசித்துத்தான் உள்ளே விடும். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் போகாமல், ஒரு சாண் நீளத்துக்கு அறுத்த துண்டுகளே அதற்கு ஆகும். மார்கழி முழுவதற்கும் அப்படி எத்தனை துண்டு வேண்டும் என்று கணக்கிட்ட அன்றுதான் பெரியப்பா வாயிலிருந்து “மெஷின்” என்ற சொல் முதன்முதலாக வந்தது.

கருவி பற்றிய விவாதத்துக்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சிங்கப்பெருமாள் கோவில் குடைவரையில் இருப்பவர் பாடலாத்ரி நரசிம்மர். பாடலம் என்றால் செந்நிறம், அத்ரி என்றால் மலை. அர்ச்சகர் நாமத்தை விலக்கித் தீபம் காட்டினால் நெற்றிக் கண் தெரியும். இரணியன் வாங்கிய வரத்தை டெண்டர் நிபந்தனையாகப் படித்துப் பாருங்கள்: உள்ளும் கூடாது, வெளியும் கூடாது, பகலும் கூடாது, இரவும் கூடாது, ஆயுதமே கூடாது. அத்தனைக்கும் உட்பட்டு வேலையை முடித்தது நகம். பெரியப்பாவின் பட்டியல் அதற்குச் சற்றும் இளைத்ததல்ல. பெட்ரோல் நாறக் கூடாது. ஒயரும் இழுக்கக் கூடாது. கனக்கக் கூடாது, பொம்மை மாதிரியும் இருக்கக் கூடாது. விடியலில் சத்தம் கூடாது. வெயில் ஏறினால் அவருக்கு ஆகாது.

இனி வரலாறு. செயின் ரம்பம் முதலில் அறுத்தது மரத்தை அன்று, எலும்பை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் ஐட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் பல் வைத்த சங்கிலியைக் கையால் இழுத்து எலும்பு அறுத்தார்கள். 1830 வாக்கில் ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் ஹைனே அதற்குச் சுழற்றும் கைப்பிடி வைத்தார். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சார ரம்பமும், 1929இல் பெட்ரோல் ரம்பமும் கொண்டுவந்தார். பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். 1959இல் வந்த அவரது ‘கான்ட்ரா’ ரம்பம் 12 கிலோ. அதைத்தான் அன்று இலகுவானது என்று கொண்டாடினார்கள். நம் வீட்டுச் சிலிண்டரில் அடைத்திருக்கும் கேஸ் 14.2 கிலோ என்பதை ஒப்பிட்டு, ‘இலகு’ என்பது காலந்தோறும் இளைத்துவரும் சொல் என்று கொள்க. இடையில் 1940களில் அமெரிக்க மரவெட்டி ஜோ காக்ஸ், மரம் குடையும் வண்டுப் புழுவின் தாடை இடமும் வலமுமாக மேய்வதைப் பார்த்து இன்றைய செயின் பல்லை வடித்தார். புழுவுக்கு யாரும் ராயல்டி கொடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது எடை. ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடை ஒன்றில் தம்பி ஒருவர் நீட்டிய இயந்திரத்தின் அட்டையில் ஐந்தரை கிலோ என்று போட்டிருந்தது. “தூக்கிப் பாருங்கண்ணா, பஞ்சு மாதிரி இருக்கும்.” இங்கே உரையாசிரியர் முறைப்படி ஒரு தடை எழுப்புவோம்: எது ஐந்தரை கிலோ? விடை: பெட்ரோல் ஊற்றாத, எண்ணெய் விடாத, செயின் ஓடும் பட்டையும் செயினும் மாட்டாத வெறும் உடம்பு. எடை பார்க்கும் மேடையில் செருப்பைக் கழற்றி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பவரின் எடை போன்றது அது. அரை லிட்டர் பெட்ரோலே 370 கிராம் வரும். 22 அங்குலப் பட்டையும் செயினும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். மயிலிறகு வண்டியின் அச்சு முறிவதைச் சொன்ன வள்ளுவர் அதை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தது காரணமில்லாமல் இல்லை. கடையில் ஒரு நிமிடம் தூக்கியவர் வேறு, பின்கட்டில் அரை மணி குனிந்தவர் வேறு.

பெட்ரோல் இயந்திரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. 2டி ஆயிலை லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்று கையேட்டைப் பார்த்துக் கலக்க வேண்டும். ஆறு மாதம் சும்மா கிடந்தால் பழைய பெட்ரோல் பிசின் பிடித்துக் கார்புரேட்டரை அடைக்கும். பிறகு கயிறு இழுக்கிற இழுவையில் அருவாளாலேயே ஒரு கட்டு வெட்டிவிடலாம். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்த வாரம், எங்கள் தெருக்காரர் ஒருவர் 22 அங்குல இயந்திரம் வாங்கினார். அவர் வீட்டில் விழுந்தது ஒரு முருங்கை. மிரட்டினாலே ஒடிகிற மரம். அடுப்பிலும் நின்று எரியாது. அன்று முதல் அவ்வியந்திரம் ஆண்டுக்கொருமுறை ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்கிறது. அதன் வேறு பயன்பாடு இவ்வாய்வாளனுக்குப் புலப்படவில்லை.

எமது முதன்மைக் கண்டுபிடிப்பு இனிமேல்தான். செயின் ரம்பத்துக்குப் பிடிக்காதது பெரிய மரம் அன்று, சின்னக் குச்சி. பெருங்கட்டை தன் கனத்தாலேயே தரையில் கிடந்து அறுபடும். விரல் பருமன் சுள்ளியோ செயின் பல்லில் மாட்டி, சாட்டை போலத் திரும்பி ஆளை அடிக்கும். பட்டை நுனியின் மேல்பாகம் பக்கத்துக் கட்டையில் பட்டால் இயந்திரமே நெற்றியை நோக்கி எகிறும், நாம் ‘ஐயோ’ என்பதற்குள். ஆகவே சிறுவிறகைத் தனித்தனியாக அறுத்தல் பிழை. பெருக்கல் குறி போலக் கட்டையடித்த தாங்கியில் குச்சிகளை அடுக்கி, கயிற்றால் இறுக்கி, கட்டோடு அறுத்தலே முறை. காலால் மிதித்துக்கொண்டு அறுக்கலாம் என்பாரும் உளர். அவர் தம் கால்விரல்களை ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்வது நலம்.

விறகின் சாதியும் பார்க்க வேண்டும். சவுக்கு நேராக வரும், நின்று எரியும், காசு கேட்கும். சீமைக்கருவேலம் ஏரிக்கரையெங்கும் கிடைக்கும், தணல் அருமை. ஆனால் நேர்கோடு என்பதையே அறியாத மரம், முள்ளோ செருப்பைத் துளைத்துக் குசலம் விசாரிக்கும். எங்கள் பகுதிக்கே உரிய மூன்றாவது ஒன்று உண்டு. அதைத் தாவரவியலார் இன்னும் வகைப்படுத்தவில்லை: ஒரகடத்துப் பேலட் மரம். கார், லாரி, புல்லட் எல்லாம் செய்யும் ஆலைகளுக்கு உதிரிபாகம் சுமந்து கடல் கடந்து வரும் பைன் பலகைகள், பழைய சாமான் கடை வழியாக அடுப்புக்கு வருகின்றன. அவற்றில் கோதுமைக்கதிர் முத்திரையும், நாட்டின் குறியெழுத்தும் இருக்கும். ‘எச்.டி.’ என்றிருந்தால் பூச்சி சாவதற்காக நடுமரம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள். நம் பெரியப்பாவின் வெந்நீரைவிடச் சூடான நீராட்டு அது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, எம்.பி. ஆயிற்றே என்று மரியாதை கொடுத்து வீட்டுக்குள் அழைக்க வேண்டாம், அடுப்பில் வைக்கவே கூடாது.

எச்.டி. பலகையிலும் ஆணி இருக்கும். பெட்ரோலும் ஒயரும் வேண்டாத பேட்டரி ரம்பம் ஒன்றை இரவல் வாங்கி நாங்கள் செய்த களஆய்வில், இரண்டாம் பலகையிலேயே செயின் ஆணியைச் சந்தித்தது. தீப்பொறி பறந்தது, பற்கள் மழுங்கின. நான்கு மில்லிமீட்டர் உருட்டு அரத்தால் பல் பல்லாகத் தீட்டி முடிக்க ஒரு பொழுது போயிற்று. பெரியப்பா பாய்லரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பச்சைத் தண்ணீரில் குளித்தார்.

தீர்ப்பு: எட்டு அல்லது பத்து அங்குலப் பட்டை, பேட்டரி மாட்டிய பிறகும் மூன்று கிலோவுக்குள், கூடவே உதிரிச் செயின் ஒன்று. கட்டை விரலைவிடச் சிறுத்த சுள்ளிக்கு அருவாளே போதும். பேலட் பலகைக்கு முதலில் ஆணிபிடுங்கி வாங்க வேண்டும். அது முக்கால் கிலோகூட இராது; பெட்ரோல் கேட்காது, கரண்ட் கேட்காது, சத்தமும் போடாது.