அரை சென்ட்டின் அதிபதி

திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில், கறுப்பு அங்கிகளுக்கு நடுவே, சலவை வேஷ்டி சரசரக்க, கக்கத்தில் துணிப்பையை இடுக்கிக்கொண்டு, வக்கீல் குமாஸ்தாக்களே எழுந்து வழிவிடும்படியான கம்பீரத்தோடு உலாவும் ஒரு மகானுபாவரை நீங்கள் அவசியம் தரிசித்திருப்பீர்கள். வாசம் கரமனையிலோ வலியசாலையிலோ; உத்தியோகத்திலிருந்து விச்ராந்தி பெற்றவர்; ஜீவிதத்தில் எஞ்சிய ஒரே லட்சியம், பக்கத்துப் புரையிடத்துக்காரர் கையாலையைத் தள்ளிக் கட்டியதால் வடக்கு எல்லையில் பறிபோன பூமி. முக்கால் சென்ட் கேட்டு வழக்குத் தொடுத்தார். முன்சீப் அரை சென்ட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 218 சதுர அடிக்கு, டிக்ரி கொடுத்தார். அதில் ஒரு முருங்கை மரம்கூட இல்லை என்று நாம் சொன்னால் அவருக்குப் பிரமாதமான கோபம் வரும்.

பைக்குள் பாட்டனார் காலத்து ஆதாரம், கரமடைத்த ரசீதுகள், ரீசர்வேக்கு முந்தின நம்பரும் பிந்தின நம்பரும் குறித்த சீட்டு, இவற்றுக்கெல்லாம் சிகரமாக அட்வகேட் கமிஷனர் வரைந்த பிளானின் நகல். கண்டவரிடமெல்லாம் விரித்துக் காட்டிக் காட்டி அது மடிப்பிலே கிழிந்திருக்கிறது. கிழிசல் சரியாக விவாத எல்லையின் மேலேயே ஓடுவதால், கோடு எது, கிழிசல் எது என்று இப்போது அவருக்கே நிச்சயமில்லை.

டிக்ரியின் ஷெட்யூலில் ‘வடக்கு’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘தெற்கு’ என்று விழுந்திருந்தது. இளம் வக்கீல் சமாதானமாகச் சொன்னார்: “இது வெறும் கைப்பிழை, மாமா. சிவில் நடைமுறைச் சட்டம் 152-ஆம் பிரிவின்படி இதே கோர்ட்டில் ஒரு மனு போட்டால் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். காலக்கெடுகூடக் கிடையாது. இதற்கு அப்பீல் வேண்டாம்.”

விருந்துக்கு அழைத்துக் கஷாயம் வார்த்தவனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார் நம் பெரியவர். கை தவறி எழுதப்பட்டதைக் கையோடு திருத்திவிடலாம் என்று 1908-ஆம் வருஷத்திலேயே சட்டம் இயற்றியவர்கள், வியாஜ்யத்தையே உபாசிக்கும் இப்படிப்பட்ட ஜீவாத்மாக்களைக் கொஞ்சமும் நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

“சரி, மனுப் போடறச்சே, ‘அரை’ங்கறதையும் ‘முக்கால்’னு திருத்திடச் சொல்லேன்.”

“அது கைப்பிழை இல்லையே, மாமா! நீதிபதி யோசித்துச் செய்த தீர்மானம். 152-இல் அதைத் தொட முடியாது. வேண்டுமானால் முப்பது நாளுக்குள் ஜில்லாக் கோர்ட்டில் அப்பீல்...”

“இதை முதல்லேயே சொல்றதுக்கென்ன!” என்றார் பெரியவர், முகமெல்லாம் மலர்ந்து.

அப்பீலிலும் தோற்றால், தொண்ணூறு நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் இரண்டாவது அப்பீல் உண்டு. ஆனால் அங்கே சாரமான சட்டப் பிரச்சினை ஒன்றாவது எழ வேண்டும் என்ற நிபந்தனையைக் கேட்டவுடன், அப்படிப்பட்ட பிரச்சினைகளை அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேகரிக்க ஆரம்பித்துவிட்டார். 1956-இல் மாநிலம் உருவானபோது தலைநகரத்தை இங்கே வைத்துவிட்டு உயர்நீதிமன்றத்தை மட்டும் எர்ணாகுளத்தில் வைத்துக்கொண்ட அநியாயத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பிரசங்கிப்பார். ஆயினும் அந்தரங்கத்தில் அதில் அவருக்கு வருத்தமில்லை. ரயில் பிரயாணம் இல்லாத வியாஜ்யத்துக்கு என்ன கௌரவம்?

அன்று சாயங்காலமே, வஞ்சிநாடு எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று குமாஸ்தாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஜில்லாக் கோர்ட்டில் அப்பீல் இன்னும் தாக்கலாகவே இல்லை.