ஆசிரிய பீடத்துக்கு ஒரு பல்லாண்டு

தொழில்நுட்பச் செய்தியாளர் என்றால் நாலு இடம் அலைய வேண்டும், நிறுவனங்கள் மறைப்பதைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று இன்னும் பழைய பஞ்சாங்கம் படிப்போர் உண்டு. அந்தப் பாமர எண்ணத்தை வேரறுத்து, இணையச் செய்தித் தொழிலை அரியணை ஏற்றிய பெருமை அமெரிக்காவின் சிநெட் தள மேலிடத்தையே சாரும்.

முதலில் எஜமான பக்தியைப் போற்றுவோம். 2013 ஜனவரி, லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி. டிஷ் நிறுவனத்தின் ஹாப்பர் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டிக்கே 'சிறந்தது' விருது என்று தளத்தின் செய்தியாளர்கள் வாக்களித்துவிட்டார்கள், அறியாப் பிள்ளைகள்! விளம்பரங்களைத் தாண்டிப் போகும் அந்தப் பெட்டிக்காக டிஷ்ஷோடு வழக்காடிக்கொண்டிருந்தது, சிநெட்டின் அன்றைய உரிமையாளரான சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம். மேலிருந்து ஆணை இறங்கியது. மறுவாக்கெடுப்பு நடந்தது, விருது வேறொரு கருவியின் தலையில் அமர்ந்தது. முதலாளியின் வழக்குக்கு ஏற்ப 'சிறந்தது' எதுவென்று திருத்தியருளும் ஞானம் எந்தக் குருகுலத்தில் கிட்டும்? நிருபர் ஒருவர் மட்டும் மனம் பொறாமல் பதவி விலகினார். பாவம், அவருக்கு வளையத் தெரியவில்லை.

பின்னர் தளம் ரெட் வென்ச்சர்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது, பொற்காலமும் பிறந்தது. 2022 நவம்பர் முதல், பணம் பற்றிய விளக்கக் கட்டுரைகள் எழுதும் திருப்பணி செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுதியவர் பெயராக நின்றதோ 'சிநெட் மணி' குழு. அந்தப் பெயரைத் துழாவிப் பார்ப்பவருக்கே எழுதியது இயந்திரம் என்று தெரியும், என்னே தன்னடக்கம்! ஆசிரியர் முழுமையாகச் சரிபார்த்தார் என்ற உறுதிமொழியும் அங்கேயே எழுந்தருளியிருந்தது. அந்தச் சரிபார்ப்பின் மாட்சியைச் சற்றே தரிசியுங்கள்: 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் சம்பாதிக்கலாமாம். வட்டி 300 டாலர் என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். அசலையும் வட்டிக் கணக்கில் சேர்த்து ஏழை வாசகனை நொடியில் சீமானாக்குவது வள்ளல்களுக்கே கைவந்த கலை.

2023 ஜனவரியில் வெளியார் அம்பலப்படுத்திய பிறகு, 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட்டருளினார்கள். பாதிக்கு மேல் போயிற்றே என்று குறுமதியாளர் முணுமுணுப்பர். 36 தப்பிப் பிழைத்த பேரருளை அவர்கள் அறியார்.

அந்த மார்ச்சில் ஆட்குறைப்பு. இயந்திரத்துக்கு முன்பே தந்தது தற்காலிக ஓய்வு, மனிதர்களுக்கோ நிரந்தர விடுமுறை. தலைமை ஆசிரியர் பதவியில் இருந்தவரோ செயற்கை நுண்ணறிவு உத்திக்கே மூத்த துணைத்தலைவர் ஆனார். தகுதியறிந்து சூட்டிய மகுடம். அதே ஆண்டு, கூகுள் தேடலில் முன்வரிசை பிடிப்பதற்காக ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளைத் தளத்திலிருந்து நீக்கினார்கள். நிருபர்கள் பல்லாண்டு ஓடியோடிச் சேர்த்ததைத் தேடுபொறியின் திருவடியில் காணிக்கையாக்கிய இந்தத் துறவுக்கு ஈடு இணை உண்டோ?

வாசகர் நம்பிக்கைக்கு என்ன விலை என்பதையும் இம்மேன்மக்களே உலகுக்குக் கணக்கிட்டுத் தந்தார்கள். 2020-ல் 50 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட சிநெட், 2024-ல் சுமார் 10 கோடி டாலருக்கு விலைபோனது.