வளைவு இறங்கிய மூலிகை

கே: எங்கள் மலை மூலிகைகளை யார் யாரோ வந்து ஆராய்கிறார்கள். அந்த ஆய்வெல்லாம் எங்கே போகிறது?
– ஒரு வாசகர், செம்மேடு, கொல்லிமலை

ப: முன்பெல்லாம் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப்போய், ஏதாவதொரு பல்கலைக்கழக பீரோவில் சமாதி அடையும். சித்தர் மலைச் சரக்கல்லவா! 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் தரச் சொன்னது. இப்போது காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் அவற்றை இலவசமாகப் படிக்கலாம். சென்னை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் சித்த மருத்துவ முதுநிலை ஆய்வேடுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. என்ன, பெரும்பாலும் ஆங்கிலம். செடியைக் காட்டிய உங்கள் பெரியவருக்கே புரியாது.

திறந்து வைத்தால் திருடமாட்டார்களா என்பீர்கள். மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார்கள். 1997-இல் அதை ரத்து செய்யவைத்தது அச்சிலிருந்த பழைய சான்றுகள்தான். பாட்டி சொன்னார் என்றால் வாஷிங்டனில் யார் கேட்பார்கள்?