வடைக்கு இறப்பர்

நேற்றுப் பின்னேரம் என் கறுப்புத் தேகப்பயிற்சிப் பட்டியை மச்சானின் மோட்டார் சைக்கிள் கரியரில் கண்டேன். 12.5 கிலோ கேஸ் சிலிண்டரைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, இனி இந்தப் பிறப்பில் அவிழாது என்ற மாதிரி ஒரு முடிச்சும் போட்டிருந்தான். “அருமையான சாமான் அத்தான்! சைக்கிள் ரியூப் எல்லாம் இதுக்குக் கிட்டவும் வராது” என்று நற்சான்றிதழ் வேறு. ஐந்து நிறத்தில் கறுப்புத்தான் ஆகக் கடுமையானது. அதை முழுதாக இழுக்கிற ஒரு நாள் வரும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். சிலிண்டர் முந்திக்கொண்டது.

யாரிடம் போய் முறையிடுவது? வடமராட்சியில் நீளமாகவும் வளையக்கூடியதாகவும் ஒரு சாமான் வீட்டுக்குள் வந்தால் அது எதையாவது கட்டுவதற்குத்தான் வந்திருக்கிறது. மஞ்சள் பட்டி எப்போதோ உடுப்புக் காயப்போடுகிற கொடியாகிவிட்டது. பச்சை, எலி போகாமல் குசினி அலுமாரிக் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிவப்பைப் படலையில் கண்டதாக ஞாபகம். இவற்றை அனுப்பின, லண்டனில் இருக்கிற மருமகன் வீடியோ கோலில் வந்து “மாமா, ஐஞ்சு கலரும் பாவிக்கிறியளோ?” என்று கேட்டால், “ஓம் தம்பி, எல்லாம் பாவனையிலைதான் இருக்கு” என்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதுகுக்கு இந்தப் பட்டியை எப்படிச் சரியாக இழுப்பது என்று நாலு பேருக்குப் பிரயோசனமாக எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

முன்பெல்லாம் டொக்டர்மார் எங்களை நடக்கச் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். நடந்தோம். சக்கோட்டை முனைவரைக்கும் நடந்தோம். அதற்கு வடக்கே நடப்பதற்கு இலங்கையில் நிலம் இல்லை. இப்போது அதுவும் போதாதாம். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டியில், கிழமைக்கு 150 நிமிடமாவது நடப்பது மாதிரியான பயிற்சி தனி, இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி தனி என்று எழுதிவிட்டார்கள். 65 வயதைத் தாண்டினால் குறைந்தது மூன்று நாள், சமநிலைப் பயிற்சியும் சேர்த்து. வயது போகப் போகத் தசை தன்பாட்டில் கரைகிறதாம். வயிறு மட்டும் ஏன் கரைவதில்லை என்று கேட்டால் அந்த வழிகாட்டியில் பதில் இல்லை.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வானொலிச் செய்தி கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினோம். டைனமோ ஓடினால்தான் செய்தி. அது தோளுக்கு நல்லது என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்தியை இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகக் கேட்டிருப்போம்.

பட்டியின் சூட்சுமம் என்னவென்றால், ஐந்து கிலோ இரும்பு தூக்குகிற வழி முழுக்க ஐந்து கிலோதான். இறப்பர் அப்படி இல்லை. தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாது. நீட்ட நீட்ட, மீற்றர் வட்டிக்காரன் மாதிரி, கடைசியில்தான் முழுக் கணக்கையும் கேட்கும். நிறத்தின் வரிசையும் எங்கள் நாட்டுக்குப் பொருந்தாது. மஞ்சள் ஆக இலேசு, பிறகு சிவப்பு, அதற்கு மேல் பச்சை, நீலம், கறுப்பு. பச்சையையும் நீலத்தையும் மாறி மாறி இழுத்துக் களைத்த நாடு இது. சிவப்பை இலேசுக்குள் வைத்த கொம்பனிக்காரன் 2024 பொதுத் தேர்தலுக்கு முந்தியே நிறத்தைத் தீர்மானித்திருக்க வேண்டும். முன்னைய பாராளுமன்றத்தில் 3 ஆசனத்தோடு இருந்த சிவப்புக் கட்சிக்காரர் 159 எடுத்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று.

ஆனால் நிறமும் கனமும் பிறகு. முதற் கேள்வி, பட்டியை எதில் மாட்டுவது?

பெட்டிக்குள் ஒரு வார் இருக்கும். அதன் நுனியில் பஞ்சு உருண்டை. உருண்டை அந்தப் பக்கம் இருக்க வாரைக் கதவு இடுக்கில் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டு, இந்தப் பக்கம் நின்று இழுக்க வேண்டும். ஒரேயொரு நிபந்தனை, கதவு நாங்கள் நிற்கிற பக்கம் திறக்கக் கூடாது. திறந்தால் இழுத்த பலம் அவ்வளவும் கதவோடு சேர்ந்து மூக்குக்கு வரும். இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். படத்தில் இருக்கிற கதவு என் பேரன் கட்டின வீட்டுக் கதவு அல்ல.

பேரன் கள்ளனுக்குப் பயந்த மனுசன். பிணைச்சல் வெளியே தெரிந்தால் கள்ளன் கழற்றிவிடுவான் என்று எல்லாக் கதவையும் உள்ளுக்குத் திறக்க வைத்தார். ஆகவே எந்த அறைக் கதவில் மாட்டினாலும் நான் அந்த அறைக்கு வெளியே நிற்க வேண்டும். படுக்கையறைக் கதவென்றால் ஹோலில் நிற்க வேண்டும். ஹோலில் மாமி இருக்கிறா. அவவுக்கும் ரீவிக்கும் நடுவில் நான். அரை மணித்தியாலம் நாடகத்துக்குக் குறுக்கே நின்று முக்குகிற மருமகனை எந்த மாமி பொறுப்பா? சாமியறைக் கதவை முயன்றேன். பிள்ளையாருக்கு நேர் முன்னால் நின்று காலை அகட்டி, பல்லைக் கடித்து, இழுத்து விடுகிறேன். “தம்பி, சாமியோடை என்ன கோவம்?” என்றா மாமி. குசினிக் கதவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது மனைவியின் ஆளுகைக்கு உட்பட்ட பிரதேசம். குளியலறைக் கதவு தகரம். மிஞ்சினது வாசற்கதவு.

வாசற்கதவும் உள்ளுக்குத்தான் திறக்கும். ஆகவே நான் விறாந்தையில், கதவைப் பார்த்தபடி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ரோட்டால் போகிற ஆளுக்கு என்ன தெரியும்? வயசான மனுசன் ஒருத்தர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக் கதவை முழுப் பலத்தோடு இழுக்கிறார், கதவு திறக்கவில்லை, விடுகிறார், மூச்சு வாங்குகிறார், திரும்பவும் இழுக்கிறார்.

“திறப்பு துலைஞ்சு போச்சோ அண்ணை?” என்று முதலாவது சைக்கிள்.

இல்லை, தேகப்பயிற்சி என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்து வந்தவர் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார். “இழுக்காதேங்கோ, அது உள்ளுக்குத் திறக்கிற கதவு. தள்ளுங்கோ!” மூன்றாவதாக ஒரு பெண்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை, பின்னேரமே முழுத் தெருவுக்கும் எங்கள் வீட்டில் பிரச்சினை என்று தெரிந்திருந்தது. மாரியில் கதவு ஊதிப்போயிருக்கும், நல்ல தச்சன் ஒருவன் தும்பளையில் இருக்கிறான் என்று படலையடியில் நின்று தொலைபேசி இலக்கம் சொன்னவரும் உண்டு. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற ஓய்வுபெற்ற வாத்தியார்தான் ஆக மோசம். “பக்கத்து வல்வெட்டித்துறையில் ஆழிக்குமரன் ஆனந்தன் பிறந்தவர். 71 இல் இந்தியாவுக்கு நீந்திப் போய்த் திரும்பி நீந்தி வந்தவர். ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நிண்டவர். நீர் இரண்டு காலிலையும் நிண்டு கதவை இழுக்கிறீர்.” வாத்தியார் சொன்னது எல்லாம் உண்மை. அதனால்தான் கோபம் வந்தது. கடல் ஆனந்தனை விடவில்லை, 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது போய்விட்டார். அந்த மனுசனையும் என்னையும் ஒரே வசனத்தில் வைக்க வாத்தியாருக்கு எப்படி மனம் வந்தது?

இவ்வளவும் போதாதென்று, வெளியே என்ன சத்தம் என்று பார்க்க மனைவி உள்ளே இருந்து கதவைத் திறந்தா. நான் அப்போதுதான் இழுத்த இழுவையில் நிற்கிறேன். பஞ்சு உருண்டை விடுபட்டு என் காதோரமாகப் போனது. நான் விறாந்தைப் படியில் இருந்தேன். “இஞ்சேருங்கோ, படியிலை இருந்து என்ன செய்யிறியள்?” என்று கேள்வி. யாரும் திறக்காதபடி கதவைப் பூட்டிவிட்டு இழுக்கச் சொல்லிப் பெட்டியிலேயே எழுதியிருந்ததாம். சரி. இப்போது உள்ளே நாதாங்கி போடச் சொல்லிவிட்டுத்தான் இழுக்கிறேன். அதாவது, தெருச் சனம் முதலில் நினைத்ததுதான் இன்றைய நிலைமை: மனைவி என்னை வெளியே விட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறா, நான் திறக்கப் பார்க்கிறேன்.

மரத்தில் கட்டலாமே என்பீர்கள். வளவில் இருப்பது முருங்கை. அது எதைத் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பனை இரண்டு நிற்கிறது. உடம்பு முழுக்கச் சொரசொரப்பு, பட்டி அரைபட்டுப் போகும், ஆவணியில் அதன் கீழே நின்று மேலே பார்க்காமல் தேகப்பயிற்சி செய்ய நான் தயாரில்லை. நல்ல வைரமான வேம்பு வாத்தியார் வீட்டுப் பக்கம். ஜன்னல் கம்பியை உப்புக்காற்றுத் தின்றுவிட்டது; நீலத்தை மாட்டி இழுத்தபோது கம்பி சேர்ந்து வந்தது. விறாந்தைத் தூண் அந்தக் காலத்துச் சுண்ணாம்பு மினுக்கல், கழுத்தில் கட்டினால் காலுக்கு இறங்கிவிடும். கிணற்றடியில் கப்பித் தூண் இருக்கிறது, அசைக்கேலாது. ஆனால் பட்டி அறுந்தால் பின்னுக்குப் போவது நான், பின்னுக்கு இருப்பது கிணறு.

எதிலும் மாட்டாமல் காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுக்கலாமாம். மருமகன் செய்து காட்டினான். அவன் காற்சட்டை போட்டிருக்கிறான். சாரத்தோடு செய்கிறவனுக்குப் பட்டி எது, சாரம் எது என்று இழுக்கிற நேரத்தில் பிரித்தறிய முடியாது.

இத்தனைக்கும் இறப்பர் எங்களுக்குப் புதிதில்லை. 1876 இல் பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றாகக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைக்கு வந்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று பரவியது. மழை குறைந்த எங்கள் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. 1952 இல் நாட்டில் அரிசி முட்டுப்பட, சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். பட்டிப் பெட்டியின் அடியைத் திருப்பிப் பார்த்தேன், சீனாவில் செய்தது. அன்றைக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி தின்றோம். அரிசி தின்ற வயிற்றுக்கு இன்றைக்கு இறப்பரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

எங்கள் குடும்பத்துக்குள்ளும் அப்படி ஒரு ஒப்பந்தம் ஓடுகிறது. மருமகன் இறப்பர் அனுப்புவான். அவன்ரை தாய், என் அக்கா, பதிலுக்குத் தட்டை வடை கேட்பா. ஓடக்கரையில் சுட்ட வடை, ஒடியல் மா, மிளகாய்த்தூள், எல்லாம் இங்கிருந்து போக வேண்டும். வெளிநாட்டில் அந்த வடைக்குப் பெயரே பருத்தித்துறை வடைதான். கொழுப்பைக் குறையுங்கோ, எண்ணெய்ச் சாமானைத் தொடாதேங்கோ என்று எனக்கு வட்ஸ்அப்பில் பாடம் எடுக்கிற குடும்பம், எண்ணெயில் பொரித்த வடையைக் கிலோக் கணக்கில் கேட்கிறது. அங்கே குளிராம், செரிக்குமாம்.

அனுப்புகிறவன் சும்மா அனுப்ப முடியுமா? நமுத்திருக்கிறதா என்று ஒன்றைக் கடித்துப் பார்க்க வேண்டும். பழைய வடை கலந்திருக்கிறதா என்று அடியிலிருந்து இன்னொன்று. பெருஞ்சீரகம் காணுமோ என்பதற்கு மூன்றாவது. அது என் கடமை. அந்தக் கையோடு பட்டியைத் தொடக் கூடாது என்பது பெட்டியிலுள்ள இன்னொரு எச்சரிக்கை: எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊறித் தளர்ந்து போகும், வெயிலில் வைத்தால் வெடிக்கும், பவுடர் பூசி நிழலில் வைக்க வேண்டும். மாமி பூசுகிற பவுடரைத்தான் பூசுகிறேன். பவுடர் சுருக்காக முடிகிறது என்று அவவுக்கு இப்போது வேலைக்காரப் பிள்ளையில் சந்தேகம். நீலப் பட்டியில் போன கிழமை ஓரமாக நரம்பு மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது, விரித்தால் வெள்ளையாகத் தெரிகிறது. வடையால் வந்ததா வெயிலால் வந்ததா என்று மருமகனிடம் கேட்கலாம். கேட்டால் முதலில் வடையைத்தான் நிறுத்தச் சொல்வான். தாய்க்குப் போகிற வடையை அல்ல, நான் தின்கிற வடையை.

முதுகு விசயம் இருக்கிறது. நேராக நின்று, தோளைக் கீழே இறக்கி, முழங்கை இரண்டையும் விலாவோடு... பொறுங்கள், அக்காவின் செய்தி. வடையை இந்த முறை இரண்டு மடங்காக வைக்கட்டாம், மருமகனின் கூட்டாளிமாருக்கும் வேணுமாம். ஓடக்கரையில் நல்ல வடை பத்து மணிக்கு மேல் மிஞ்சாது. மச்சானின் மோட்டார் சைக்கிளைத்தான் கேட்க வேண்டும். கரியரில் பெட்டியைக் கட்டுவதற்கு அவனிடம் ஏதாவது இருக்கும்.