ரைட் ஃபீல்டில் யார் வீட்டுப் பெண்?

மகளின் ட்ராவல் சாஃப்ட்பால் அணிக்குக் கோச் ஆக விரும்புகிறவர் அமெரிக்காவின் எடிசனில் இருந்தாலும், ஃப்ரீமாண்டில் இருந்தாலும், ஃப்ரிஸ்கோவில் இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெற்றோர் கூட்டத்தில் "யாராவது உதவிக்கு வர முடியுமா?" என்று கேட்கும் அந்த நொடியில், மற்ற அப்பாக்களைப் போல ஃபோனைக் குனிந்து பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள். போதும். பின்னணிச் சோதனையும் சேஃப்ஸ்போர்ட் ஆன்லைன் பாடமும் முடிந்தால் நீங்கள் கோச். ஆட்டம் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கிரிக்கெட் தெரியும் என்ற தைரியத்தில்தான் நம்மவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். தைரியம் இருக்கட்டும், பழக்கங்களை மூட்டை கட்டி வையுங்கள். அடித்ததும் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லாதீர்கள். இங்கே அதைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அழகாக லெக் கிளான்ஸ் ஆடினால் கைதட்டாதீர்கள், அது ஃபௌல். கீழ்க்கை வீச்சைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பதும் ஆகாது. 1981இல் மெல்பர்னில் ட்ரெவர் சாப்பல் பந்தைத் தரையில் உருட்டிவிட்டு வாங்கிய கெட்ட பெயர் நமக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் இங்கே கையைக் காற்றாலையாகச் சுழற்றி, 43 அடித் தூரத்திலிருந்து மணிக்கு 60 மைலைத் தாண்டிப் போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். பத்து வயதுப் பிரிவில் அந்தத் தூரம் 35 அடி. பந்து 'சாஃப்ட்' என்பதை நம்பி வெறுங்கையால் பிடித்துக் காட்டும் அப்பாவுக்கு ஐஸ் பை தயாராக இருக்கட்டும்.

இனி உண்மையான வேலை: யார் எங்கே நிற்பது. உங்கள் மகளை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தினால் வேலிக்கு அந்தப் பக்கம் "டாடி பால்" என்று முணுமுணுப்பார்கள். சின்ன வயதில் பந்து குறைவாகத்தான் வரும் என்று எல்லோரும் நம்புகிற ரைட் ஃபீல்டில் நிறுத்தினால், முணுமுணுப்பு உங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்கும். சாமர்த்தியசாலிகள் எக்செல்லில் சுழற்சி அட்டவணை போடுகிறார்கள்: இன்னிங்ஸ் வாரியாக, கலர் கலராக. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு பெண் வயிற்றுவலி என்று வராமல் போனதும் அந்த அட்டவணை செத்துப்போகும். அதற்குள் இன்னொரு பெண்ணின் அம்மா வந்துவிடுவார். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, எங்க பாப்பா போன வாரமும் ரைட் ஃபீல்டுதானே?" அதே பெண்ணின் அப்பா கேம்சேஞ்சர் ஆப்பில் உங்கள் மகளின் பேட்டிங் சராசரியை மூன்றாம் தசமம் வரை வைத்திருப்பார். புள்ளிவிவரத்தில் நம்மவர்களோடு மோதாதீர்கள். அவர்களுக்கு வேலையே அதுதான்.

பிட்சரின் அப்பாவிடம் மட்டும் பணிவாக இருங்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மகள் போடும் பந்தையெல்லாம் வாங்கிக்கொள்பவர் அவர். அவருடைய முழங்கால்கள் அணிக்குச் செய்த தியாகத்துக்கு ஈடு கிடையாது.

சனிக்கிழமை பூல் ஆட்டங்கள், ஞாயிறு நாக்அவுட். ஜெயிக்க ஜெயிக்கத் தமிழ்ப் பள்ளிக்கு லீவு. தோற்றால் பத்தரை வகுப்பைப் பிடித்துவிடலாம். சில அம்மாக்கள் மூன்றாம் இன்னிங்ஸிலேயே அதைக் கணக்குப் போடுவதுண்டு. ஜூலை நாலாம் தேதி வாரம் பெட்னா தமிழ் விழாவா, டோர்னமெண்ட்டா என்ற கேள்வியைக் குடும்பத்தோடு பேசித் தீர்க்க முயலாதீர்கள். தீராது. டெக்சாஸ் ஜூலையில் 100 டிகிரி வெயிலில் தயிர்சாதத்தை ஐஸ் பெட்டிக்குள் வைக்கவும். டக்அவுட் முழுக்கச் சூரியகாந்தி விதைத் தோல் கிடக்கும். அதன் நடுவே புளியோதரை நன்றாகவே விலைபோகும்.

இந்த ஆட்டம் 1887இல் சிகாகோவில் பிறந்தபோது, சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறைதான் பந்து, துடைப்பக் கட்டைதான் பேட் என்பார்கள். இப்போது பேட் 400 டாலர். டோர்னமெண்ட்காரர்கள் சொல்கிற ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஏன் இவ்வளவு என்று மாமனார் திருச்சியிலிருந்து கேட்டால் "காலேஜ் ஸ்காலர்ஷிப் மாமா" என்று சொல்லுங்கள். விவரம் சொல்ல வேண்டாம். முதல் பிரிவுக் கல்லூரி அணி ஒன்றுக்கு 2025 வரை உச்சவரம்பு 12 முழு ஸ்காலர்ஷிப்தான். அதைத்தான் இருபது பெண்கள் அளவில் பங்கு போட்டுக்கொண்டார்கள். கல்லூரிக் கோச்சும் பதினோராம் வகுப்புச் செப்டம்பர் 1 வரை உங்கள் பெண்ணிடம் பேசக் கூடாது. ஒன்பது வயதில் எடுத்த ஹைலைட் வீடியோவைத் தாத்தா பாட்டிக்கு அனுப்பலாம், அவர்களாவது பார்ப்பார்கள்.

வீடு திரும்பும் காரில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள் என்று எல்லா அனுபவசாலிகளும் சொல்வார்கள். அவர்களில் யாரும் அதைக் கடைப்பிடித்ததில்லை. எனவே முதல் சிக்னல் வரை பொறுத்திருந்துவிட்டு, "அந்த ரெண்டாவது ஸ்ட்ரைக்..." என்று ஆரம்பியுங்கள். "அப்பா, ப்ளீஸ்" என்று பின்சீட்டிலிருந்து பதில் வரும். அப்படியே ஒருநாள், ட்ரைஅவுட்டுக்கு முந்தின வாரம் பார்த்து, அடுத்த வருஷம் வாலிபால் ஆடப் போவதாகவும் சொல்வாள். பதறாதீர்கள். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாலிபால் வலையின் உயரம் 7 அடி 4 அங்குலம் சொச்சம். குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயும் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள்.