ஹெட்போனின் திருக்கோலங்கள்: மேசை ஒழுங்கு நோக்கில் ஓர் ஆய்வு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நதானியல் பால்ட்வின், சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்போனை 1910-இல் அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கழற்றிய பின் அதை எங்கே வைப்பது என்னும் சிக்கலின் தொடக்கமும் அதுவே என்க. ஆய்வெல்லை: சென்னை அடுக்ககம் ஒன்றில், நாலடி நீளமுள்ள ஒரு பிளைவுட் மேசை.

பெருமாளுக்கு நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று கோலங்கள். ஹெட்போனும் மூன்று கோலத்தது; ஆனால் அதற்கு உட்காரத் தெரியாததால், இருந்த கோலத்தின் இடத்தில் தொங்கிய கோலத்தைக் கொள்க.

கிடந்த கோலம் யாவரும் அறிந்தது. ஒரு காது கீபோர்டின் மேல், மறு காது டீ டம்ளரை ஒட்டி, வயர் மவுஸைச் சுற்றி. விரித்துரைக்க வேண்டியதில்லை.

நின்ற கோலத்துக்குத்தான் ஸ்டாண்ட். இதில் நோக்க வேண்டியவை மேல்வளைவின் அகலமும் அடியின் கனமுமே. ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250. இந்தச் சுமை மெல்லிய கம்பி ஒன்றின் மேல் நாள்கணக்கில் அழுந்தினால், பட்டையின் உள்பஞ்சில் உச்சந்தலை படும் இடமாகப் பார்த்துப் பள்ளம் விழும். அகலம் நல்லதென்று தலை வடிவ பொம்மையை வாங்குவோரும் உளர். பொம்மையின் தலை தம் தலையினும் பெரிதாயின் பட்டை விரிந்து பிடி தளரும். அடி கனமில்லாவிட்டால் வயரை ஒரு இழு இழுத்ததும் ஸ்டாண்டும் கூடவே வரும். இனி வியர்வை. சென்னைப் புழுக்கத்தில் காதுறையின் போலித்தோல் ஈரத்தோடு மேசையில் அழுந்திக் கிடந்தால் சீக்கிரம் உரியும். கறுப்புச் செதில்கள் காதுமடலில் ஒட்டிக்கொண்டு மீட்டிங்குக்கும் வரும். காதுறை எதிலும் படாமல் காற்றாட நிற்பதே ஸ்டாண்டின் மெய்ப்பயன். யுஎஸ்பி போர்ட், ஏழு வண்ண விளக்கு முதலியன பிற்கால இடைச்செருகல்கள்.

தயிர்ப்பானை தொங்கிய உறியே உலகின் முதல் ஹெட்போன் ஸ்டாண்ட் என்று நிறுவ முற்படுவோர் விரைவில் கிளம்புவர். இப்போதே மறுத்து வைக்கிறோம்.

இனி இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. வேலை நேரம் முழுக்க ஹெட்போன் தலையில் இருக்கிறது; ஸ்டாண்ட் காலியாக நிற்கிறது. வேலை முடிந்து ஹெட்போன் அதில் ஏறும்போது மேசையைப் பார்க்க யாருமில்லை. ஆக, மேசை ஒழுங்குக்காக வாங்கிய பொருள் செய்வது, நாம் மேசையில் இருக்கும் நேரமெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதொன்றே. போதாக்குறைக்கு, காலி ஸ்டாண்டில் ஆபீஸ் ஐடி கார்டு, ரப்பர் பேண்ட், துணிப்பை என்று ஒவ்வொன்றாகக் குடியேறும்.

எனவே தொங்கிய கோலமே எம் துணிபு: மேசைக்கடியில் ஒரு கொக்கி. இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டுவது ஆகாது. மேலே சன்மைக்கா பளபளக்கும் பிளைவுட்டுக்கு அடிப்பக்கம் பெரும்பாலும் சொரசொரப்பு. டேப் பிடிக்காது, நடுராத்திரியில் தொப்பென்று விழும். திருகி இறுக்கும் கிளாம்ப் நன்று. வாங்குமுன் பலகையின் தடிமனை அளக்க. விளிம்புக்கடியில் இரும்புச் சட்டம் ஓடுகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்க்க.

முழங்கால் இடிக்குமே என்பார் கூற்று ஏற்புடைத்தே. சுழல் நாற்காலியில் எந்தப் பக்கமாகத் திரும்பி எழுகிறோமோ, அதற்கு மறுபக்கம் மாட்டுக.