டெல்டாவாசியைச் சொகுசுக் கப்பலில் ஏற்றுவது எப்படி: ஒரு முதற்கட்ட ஆய்வு

2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் சொகுசுக் கப்பல் கிளம்பியது. 11 தளங்கள், நீச்சல் குளம், நாடக அரங்கு, சூதாட்டக் கூடம். விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரி வழியாகத் திரும்புவதாக ஒரு பயணத்திட்டமும் இருந்தது. சூதாட்டக் கூடம் இருப்பதால் புதுச்சேரி அந்தக் கப்பலை அண்டவிடவில்லை. செல்போனில் அதன் படத்தைக் காட்டியபோது காவிரிக் கரைக்காரர்கள் "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். டிக்கெட் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. விலை கேட்காமல் டெல்டாவாசி ஒரு பொருளைக் கடந்து போவது ஆய்வுக்குரிய நிகழ்வு.

ஆய்வு எல்லை: மேற்கே கல்லணை, கிழக்கே கடல். முதன்மை ஆதாரம்: திண்ணை. துணைமை ஆதாரம்: எதிர்த் திண்ணை.

மறுப்போரை வகைப்படுத்துவது மரபு. பயந்து மறுப்போர்: குறைவு. பணமின்றி மறுப்போர்: கப்பல் கம்பெனிக்கே இவர்கள்மேல் அக்கறை இல்லாததால் நாமும் விட்டுவிடுகிறோம். சூதாட்டக் கூடம் இருப்பதால் மறுப்போரும், அது இருப்பதாலேயே வர விரும்பி மனைவியின் பொருட்டு மறுப்போரும் ஒரே வீட்டில் வசிப்பதால் தனித்தனியே எண்ண இயலவில்லை (வாய்மொழி, கொல்லைப்புறம்).

இலக்கியச் சான்று கேட்பவர்களுக்காக: கடற்பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு. குடும்பச் சுற்றுலா கட்டணத் தள்ளுபடி அக்காலத்தில் நடப்பில் இல்லை என்பதற்கு இதுவே ஆதாரம். உரையாசிரியர்கள் இதற்கு ஒரே உரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தமிழ்த்துறைகள் பலவற்றுக்கு வேலை இருந்திராது.

இனி ராஜேந்திர சோழன். 1025-ஐ ஒட்டி அவன் கடல் கடந்து கடாரம் கொண்டதும், வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் வெட்டப்பட்டிருப்பதும் எல்லோரும் அறிந்தது. எத்தனை கப்பல் போனது என்று அந்தச் சுவர் சொல்லவில்லை, கருத்தரங்குகள் சொல்கின்றன. பொன்னாடையின் தரம் உயர உயரக் கப்பலின் எண்ணிக்கையும் உயர்வதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். கட்டணம் கட்டினால் மறுவாரமே அச்சேற்றித் தரும் ஆய்விதழ் ஒன்றில் யானைக்குத் தனிக் கப்பல், யானைப் பாகனுக்கு வேறு கப்பல். அதை எழுதியவர் கொள்ளிடத்தில் பரிசல்கூட ஏறியதில்லை (மேற்படியாரின் மைத்துனர் தந்த தகவல்).

ராஜேந்திரனை விடுங்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் பல ஆண்டுகள் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றியது. டெக் பயணி என்றால் திறந்த தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. பாயும் தகரப்பெட்டியுமாகக் கடல் கடந்தவரின் பேரனுக்கு ஏசி அறை தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். ஆக, காரணம் கடல் அல்ல.

காலமா? ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று மே மாதமே ராப்பகலாகப் பேச வேண்டியிருக்கிறது. திறந்தால் குறுவை நாற்றங்கால், பிறகு சம்பா, தாளடி. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே, ஈரம் காயுமுன், நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளித்தாக வேண்டும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும்வரை தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாகக் காவல் இருக்க வேண்டும். மேகம் கறுத்தால் அந்தக் குவியலை விட்டு வீட்டுக்கே போக மாட்டான், விசாகப்பட்டினத்துக்கா போவான்?

இதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. டெல்டாவில் கடல் என்பது தண்ணீர் வீணாகும் இடம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் இருகரை புரண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. அதே நாளில் கடைமடைக்காரர்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று நின்றுகொண்டிருந்தார்கள். உபரி நீர் போய்ச் சேர்கிற இடத்துக்குக் காசு கொடுத்துத் தானும் போவதற்கு இவன் மனம் ஒப்பவில்லை. மீறி ஏறினாலும், முதல் நாள் காலையில் மேல்தளத்தில் நின்று நாலாபுறமும் பார்த்துவிட்டு, "இவ்வளவும் நம்ம தண்ணி" என்பான். மீதிப் பயணம் முழுக்க அதே பேச்சு. அடுத்த அறைக்காரர் பெங்களூர்க்காரராக இருந்துவிட்டால் காவலர்களை அழைக்க நேரிடும் (ஊகம், ஆனால் வலுவான ஊகம்).

முக்கியமான தரவு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. டிக்கெட் ஏஜென்டாக இருக்கும் மருமகன் மாமாவிடம் பேசியது:

"மூணு நாள் மாமா. சாப்பாடு எல்லாம் அதுலயே அடக்கம்."

"எந்த ஊருக்கு?"

"ஊருக்கு இல்ல. கடல்ல போயிட்டுத் திரும்ப மெட்ராசுக்கே வந்துரும்."

"யாரு வீட்டு விசேஷம்?"

"யாரு வீட்டு விசேஷமும் இல்ல மாமா."

"பின்ன எதுக்குடா போவணும்?"

(இரண்டாம் பந்தி, வடக்கு வரிசை, பதினான்காவது இலை, ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட வேளை. அப்பளம் போட்டவர் பாடத்தில் 'எதுக்குப் போவணும்' என்று மட்டும் உள்ளது, 'டா' இடைச்செருகல் என்பது சமையல்காரர் கருத்து. ரசம் ஊற்றியவர் மறுக்கிறார். அவர் பெண் வீட்டார் என்பதால் அவர் சாட்சி ஏற்கத்தக்கதன்று.)

நம் ஆய்வின் கதவு இங்கே திறந்தது. டெல்டாவாசி போகாதவன் அல்ல, காரணமில்லாமல் போகாதவன். கல்யாணம், காரியம், காதுகுத்து, கோயில் இவற்றுள் ஒன்று வேண்டும். 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ஒரு வாரத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற பெயரில் மறுபடி வந்தது. சில மணி நேரப் பயணம், நீச்சல் குளம் கிடையாது. ஆனால் எங்கே என்று கேட்டால் நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே நாம் முன்வைப்பது மிதக்கும் மொய் விருந்து.

பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தை அறியாதார் இல்லை. ஆட்டுக்கறி போட்டு ஊரை அழைப்பது. வந்தவர் மொய் எழுதுவது. அவர் வைக்கும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுதுவது. இதற்கு வராமல் இருக்க முடியாது. பினாங்கில் இருந்தாலும் ஆள் அனுப்பி எழுதுவார்கள். இந்த விருந்தைக் கப்பலுக்கு மாற்றினால், வர மறுப்போர் என்ற வகையே இல்லாமல் போகும்.

மற்ற வசதிகளும் உண்டு. தரையில் நடக்கும் விருந்தில் கறியைத் தின்றுவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவ முடியும். கப்பலில் பின்வாசலுக்கு அப்பால் வங்கக் கடல். சூதாட்டக் கூடத்தை மொய் எழுதும் கூடமாக்கலாம்: மேசையும், கட்டுக் கட்டாகப் பணமும், உட்கார்ந்திருப்பவர் முகத்தில் கவலையும் ஏற்கெனவே தயார். அதோடு புதுச்சேரிக்காரர்களின் ஆட்சேபமும் தீர்ந்தது. தளத்துக்கு ஓர் ஊர் என்று மேசை போடலாம். தலைசுற்றல் வந்தவர் முதலில் மொய் எழுதிவிட்டு, பிறகு கைப்பிடி ஓரம் போகலாம். யார் எவ்வளவு எழுதினார் என்பதை கேப்டனே மைக்கில் வாசிப்பது நல்லது. வெளிநாட்டு உச்சரிப்பில் பெயர் சிதைந்தாலும் தொகை சிதையக் கூடாது. கேப்டன் மொய் எழுத வேண்டுமா என்பது தனி ஆய்வுக்கு உரியது. எழுதிவிட்டால் அவர் வீட்டு விசேஷத்துக்கு நார்வே வரை போக வேண்டிவரும். போவார்கள்.

கப்பல் கம்பெனிகளுக்கு வேண்டுகோள்: ஆடி, ஆவணி தவிர வேறு மாதத்தில் வைக்காதீர்கள். தட்டு வேண்டாம், இலை போடுங்கள். சைவத்துக்குத் தனிப் பந்தி. மொய் நோட்டு இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கரையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.